பின்னறைக்கும் ஒரு வயர்

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் கட்டின வீடுகளின் சுவர்களை ஒருக்கா வடிவாகப் பாருங்கள். பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில், கட்டில் தலைமாட்டுக்குக் கிட்ட, இல்லாவிட்டால் படிக்கிற மேசைக்கென்று நினைத்து விட்ட மூலையில், ஒரு சின்னச் சதுரத் துளை இருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளுக்கு எட்டு மெல்லிய கம்பிகள் மினுங்கும். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பின மாடி வீடுகளிலும் இருக்குது, வெள்ளவத்தை பிளாட்டுகளிலும் இருக்குது. சில வீடுகளில் அதற்கு மேலாலேயே பெயின்ட் அடித்துவிட்டிருப்பார்கள். சிலவற்றுக்குள் பல்லி முட்டை போட்டிருக்கும். இது என்ன என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "அது போனுக்கு" என்பார், இல்லையென்றால் "பிளானில இருந்தது, வயரிங் பாஸ் போட்டவர்" என்பார். கடைசியில் வருகிற வசனம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அது வேலை செய்யாது தம்பி, விடும்."

விட ஏலாது என்பதுதான் எங்கட கட்சி.

ஏன் என்று சொல்ல, முதலில் அந்த வீட்டில் இன்டர்நெட் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பைபர் இழுக்க வந்தவர்கள் றோட்டுக்குக் கிட்டின சுவரில் ஓட்டை போட்டு, ஹோலில் ரிவிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்கு அதுதான் வேலை குறைந்த இடம். ஹோலில் இருக்கிறவர்களுக்குச் சுகம். அப்பா செய்தி பார்ப்பார், தம்பி கேம் விளையாடுவான். குசினிக்குப் பக்கத்து அறையிலும் மேல்மாடியின் கடைசி அறையிலும் இருக்கிறவர்கள் யார்? எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அனேகமாக அக்காவும் தங்கச்சியும் அம்மம்மாவும்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடி, பாடங்கள் எல்லாம் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனபோது இந்தப் பின்னறைப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கும் விறாந்தைக்கும் அலைந்ததைக் கண்டோம். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஆனால் ஒன்லைன் ரியூஷன் போகவில்லை. கம்பஸ் விரிவுரைகளில் ஒரு பகுதி போகவில்லை. வீட்டில் இருந்தபடி கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்கிற ஆட்கள் கூடித்தான் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை வேலைக்கான இன்டர்வியூவை ஹோலில், வந்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு நடுவில், மிக்ஸி சத்தத்தோடு குடுக்கவேண்டி வருகிறது. அவளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. கதவும் இருக்கிறது. கதவைச் சாத்தினால் இன்டர்நெட் இல்லை.

எங்கட வீடுகள் பலகையும் மெல்லிய அட்டைத் தடுப்பும் வைத்துக் கட்டினவை இல்லை. சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் பூச்சு, மேலால் கொங்கிறீட் பீம், மாடி என்றால் கம்பி கட்டி ஊற்றின தட்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை இதுக்குள்ளால் தட்டுத் தடுமாறியாவது வந்து சேரும். வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரோடேயே களைத்துவிடும். இதற்குக் கடைக்காரர் தருகிற மருந்து ரிப்பீட்டர். ஏற்கெனவே மெலிந்துபோன சிக்னலைப் பிடித்துத் திருப்பி எறிகிற பெட்டி அது. விலை குறைந்த ரிப்பீட்டர்களில் கேட்பதும் சொல்வதும் ஒரே வாயால்தான். அதனால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். போனில் நாலு கோடும் நிறைந்து தெரியும், வீடியோ மட்டும் சுத்திக்கொண்டே இருக்கும். அந்த நாலு கோடு ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலான உறவைத்தான் சொல்கிறது. ரிப்பீட்டருக்கும் றவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை. ஒரு வீட்டில் மூன்று ரிப்பீட்டர் செருகியிருந்ததைப் பார்த்திருக்கிறோம். மூன்றுக்கும் ஒரு முழத்துக்குள் அந்தச் சதுரத் துளை, தூசி மூடிக் கிடந்தது.

துளை ஏன் செத்துக் கிடக்கிறது? அதை உயிர்ப்பிப்பது யாருடைய வேலையும் இல்லை என்பதால். வயரிங் செய்தவர் பைப்புக்குள்ளால் கேபிளை இழுத்துவிட்டு, "மிச்சத்தை இன்டர்நெட்காரர் வந்து செய்வினம்" என்று போய்விட்டார். இன்டர்நெட்காரர் பெட்டி வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு என்றார். பெயின்ட் அடித்தவர் வெளியே தொங்கின வயர்களை வெட்டி உள்ளுக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்காரர் வைஃபை வந்ததும் மறந்துவிட்டார். வீடு முழுக்கக் கேபிள் ஓடுகிறது, காசு குடுத்தாயிற்று, சுவரும் பூசியாயிற்று. இரண்டு முனையிலும் அரை மணித்தியால வேலை மட்டும் மிச்சம்.

அந்த வேலையைத்தான் வீட்டில் இருக்கிற இளம் ஆட்கள் பொறுப்பெடுக்கவேண்டும் என்கிறோம். "வயரில கை வைக்காத" என்று வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகள் முதலில். அவர்களுக்குத்தான் இதால் பலன் கூட. பயப்பட இங்கே அதிகம் இல்லை, நெட்வேர்க் கேபிளில் ஓடுவது ஓரிரண்டு வோல்ட். கவனிக்கவேண்டியது பக்கத்துப் பிளக்கைத்தான்: மூடியைக் கழற்ற முதல் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள். அதே பெட்டிக்குள்ளேயே கரண்ட் வயரும் வந்திருந்தால் நீங்கள் தொடவேண்டாம், தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பழைய போன் லைன் இன்னும் உயிரோடு இருந்தாலும் முதலில் அதைக் கழற்றிவிடவேண்டும். போன் அடிக்கும்போது அந்த வயரில் வருகிற அழுத்தம் லப்டொப்புக்கு ஆகாது.

இரண்டு ஸ்குரூவைக் கழற்றி மூடியை இழுத்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேபிள் வந்திருக்கும், துளையின் முதுகில் பொருத்தாமல் சுருட்டிக் கிடக்கும். இது நல்ல செய்தி. பொருத்தி இருந்தால், பிழை மற்ற முனையில். சில இடங்களில் எட்டு வயர் இருக்கவேண்டிய கேபிளுக்குப் பதிலாக நாலு வயர் மட்டும் உள்ள போன் கேபிள் வந்திருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் நுனியில் புதுக் கேபிளை இறுக்கிக் கட்டி மற்றப் பக்கத்தால் மெதுவாக இழுத்தால், பழையது வெளியே போகப் புதியது உள்ளே வந்து நிற்கும். சுவர் உடைக்கத் தேவையில்லை. ஒன்றுமே வராமல் வெறும் பைப் வாய் மட்டும் இருந்தால், பாஸ் உங்களுக்கு விற்றது பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான். அப்பவும் பைப் இருக்கிறதே என்று ஆறுதல்படலாம்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு கேபிள் வந்து போவதும் உண்டு. போன் வயரிங் பழகின கைகள் செய்வது இது. அந்தக் காலத்துப் போனை ஓர் அறையில் இருந்து அடுத்த அறைக்கு மாலை கோத்த மாதிரிக் கொண்டு போகலாம், எல்லா அறையிலும் ஒன்றாக மணி அடிக்கும். நெட்வேர்க்குக்கு அது சரிவராது. ஒவ்வொரு அறையில் இருந்தும் ஒவ்வொரு கேபிள் தனித்தனியாக ஓரிடத்துக்கு வந்து சேரவேண்டும். மாலையாகக் கோத்த வீட்டில் இடையில் இருக்கிற ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி வைத்துத்தான் சமாளிக்கலாம். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

கேபிள்கள் எல்லாம் போய்ச் சேருகிற இடத்தைக் கண்டுபிடிப்பது சில வேளை ஒரு பின்னேரத்தைத் தின்னும். ட்ரிப் சுவிட்ச் பெட்டிக்கு மேல் பாருங்கள், மாடிப்படிக்குக் கீழ், சீலிங்குக்குள், வெளிச்சுவரில் தாழ்வாரத்துக்குக் கீழ். பிளாட் என்றால் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். நீலமோ சாம்பல் நிறமோ ஒரு கட்டுக் கேபிள் தலை கவிழ்ந்து தொங்கினால் அதுதான். எது எந்த அறைக்குப் போகிறது என்று அறிய, இரண்டு துண்டாகப் பிரிகிற ஒரு கேபிள் டெஸ்டர் போதும். கொம்பியூட்டர் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும், சினேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஊருக்கே காணும்.

நிறங்கள்தான் எல்லாரையும் வெருட்டுகிற இடம். எட்டு வயரும் நாலு சோடி: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்நிறம். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று முழு நிறம், மற்றது அதே நிறக் கோடு போட்ட வெள்ளை. ஒவ்வொரு சோடியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கி இருக்கும். அந்த முறுக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சோடியின் இரண்டு வயரிலும் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல் போகிறது. வெளியில் இருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். மற்றப் பக்கத்தில் ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், சிக்னல் நிற்கும். அதனால் பொருத்தும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக்கூடாது. அரை அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு அங்குலம் பிரித்துச் சீவி முடித்த மாதிரி நேராக்கி வைப்பது பார்க்க வடிவு, அவ்வளவுதான்.

வரிசைக்கு இரண்டு முறை இருக்கிறது: ரி568ஏ, ரி568பி. பி முறையில் வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்நிறம், மண்நிறம். ஏ முறையில் பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறும். எது நல்லது என்று சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே முறையில் இருந்தால் காணும், வீடு முழுக்க ஒரே முறை என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுவர்த் துளையின் முதுகில் வயர் செருகுகிற வெட்டுகள் இந்த ஒன்று முதல் எட்டு வரிசையில் இராது. பக்கவாட்டில் ஏக்கும் பிக்கும் நிறப்படம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து அந்தந்த வெட்டில் வைத்து, பஞ்ச் டூலால் "டக்" என்று சத்தம் கேட்க அழுத்தவேண்டும். ஸ்குரூட்றைவரால் குத்தித் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் தொடுப்பு விட்டுவிடும்.

ஒழுங்காகச் சிந்திக்கிற ஆட்கள் விழுகிற பொறி ஒன்று உண்டு. செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, மண்நிறச் சோடி என்று பக்கம் பக்கமாக அடுக்குவது. இரண்டு முனையிலும் அப்படியே அடுக்கினால் டெஸ்டரில் எட்டு வெளிச்சமும் வரிசையாக எரியும். ஆனால் மூன்றாம் ஊசியும் ஆறாம் ஊசியும் ஒரு சோடியாக இருக்கவேண்டியவை, இங்கே இரண்டும் வேறு வேறு முறுக்கில் இருக்கின்றன. இரைச்சலைக் கழிக்க ஆளில்லை. கேபிள் "சரி" என்று சொல்லும், இன்டர்நெட் வந்து வந்து போகும், பழி முழுக்கப் பைபர் கொம்பனிக்கு.

முடித்த பிறகு அறையில் லப்டொப்பைச் செருகி, நெட்வேர்க் செட்டிங்கில் லிங்க் வேகம் என்ன என்று பாருங்கள். 1000 என்று காட்டினால் எட்டு வயரும் பிடித்திருக்கின்றன. 100 என்று நின்றால், லப்டொப்பும் றவுட்டரும் கிகாபிட் தாங்கக்கூடியவை என்றால், ஏதோ ஒரு வயர் பிடிக்கவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி காணும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். மெல்லிய லப்டொப்புகளில் இந்தத் துளையையே இப்போது விடுவதில்லை, யூஎஸ்பியில் செருகுகிற ஒரு மாற்றி வாங்கவேண்டி வரும்.

கேபிள்கள் சேருகிற இடத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, அதில் இருந்து ஒரு கேபிளை றவுட்டரின் லான் துளைக்குக் கொண்டு போகவேண்டும். ஐந்து துளை, எட்டுத் துளை என்று வரும். எட்டை வாங்குங்கள், அறைகள் கூடும். ஒரு துளையை இரண்டாக்கும் "ஸ்பிளிற்றர்" என்று கடையில் ஒரு சின்னச் சாமான் தருவார்கள், அது இந்த வேலைக்கு உதவாது. ஒரே கேபிளின் இரண்டு தலையையும் அதே சுவிட்சில் செருகிவிடாமலும் பாருங்கள். தகவல் உள்ளுக்குள்ளேயே வட்டமடிக்கத் தொடங்கி வீட்டு நெட்வேர்க் முழுக்க விழுந்துவிடும்.

"போனுக்கு வயர் குத்த ஏலாதே, எல்லாரும் போனில்தானே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதற்காகத்தான் வயர். பின்னறைத் துளையில் ஒரு பழைய றவுட்டரைச் செருகினால் அந்த அறைக்கென்று தனி வைஃபை, முழு வேகத்தில். அலை சுவரைத் துளைக்கத் தேவையில்லை, வயர் ஏற்கெனவே சுவருக்குள்ளால் வந்துவிட்டது. பழைய றவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் ஐபி இலக்கத்தை ஹோல் றவுட்டரின் இலக்கத்தோடு மோதாமல் மாற்றி, கேபிளை வான் துளையில் குத்தாமல் லான் துளையில் குத்தவேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஹோலில் உள்ளதையே குடுத்தால், நடந்து திரியும்போது போன் தானே மாறிக்கொள்ளும். மெஷ் பெட்டிகள் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும், அவற்றையும் இந்தத் துளைகளில் செருகினால்தான் அவை முழுதாக வேலை செய்யும்.

வயர் போட்டால் பைக்கேஜ் வேகம் கூடாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். முதலில் றவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து கேபிள் செருகி வேகம் பாருங்கள். அங்கேயே இல்லை என்றால் பின்னறைக்கும் வராது, அது வேறு சண்டை. கரண்ட் நின்றால் சுவிட்சும் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. றவுட்டருக்கு வாங்கின சின்ன பற்றரிப் பெட்டியில் இன்னொரு வாய் இருந்தால், வோல்ட் பொருந்துகிறதா என்று பார்த்து சுவிட்சையும் அதிலேயே குத்திவிடலாம்.

கேபிள் வாங்கப் போனால் கேட் 7, கேட் 8 என்று பெரிய பெயர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு கேட் 5இ காணும், அது 100 மீற்றருக்கு கிகாபிட் கொண்டு போகும். புதுசாக இழுப்பதென்றால் கேட் 6 எடுங்கள். பெயரைவிட உள்ளே இருக்கிற உலோகம் முக்கியம். மலிவுக் கேபிள்களில் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் குடுங்கள். அது இரண்டு தரம் மடித்தால் உடையும், சுவருக்குள் போன பிறகு உடைந்தால் யாருக்குத் தெரியும்?

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் மிகச் சுலபம், பூச்சு பூச முதல் கேட்கவேண்டும் அவ்வளவுதான். கரண்ட் வயர் போகிற பைப்புக்குள் நெட்வேர்க் கேபிளைப் போடவிடாதீர்கள், தனிப் பைப் கேளுங்கள். எல்லாம் சேருகிற இடத்தில் ஒரு பிளக் பொயின்ட் கேளுங்கள், மறந்துபோவது அதுதான். பூசமுதல் சுவர் சுவராகப் போனில் படம் எடுத்து வையுங்கள். வளவுக்குள் தனியாக நிற்கிற அறைக்கோ கடைக்கோ கொண்டு போவதென்றால் செம்புக் கேபிள் வேண்டாம், பைபர் இழுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி இடியில் இரண்டு கட்டடத்துக்கும் இடையில் ஓடுகிற செம்பு, இரண்டு பக்கப் பெட்டியையும் எரித்துவிட்டுப் போகும்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிக் கட்டுவிக்கிறவர்கள் வீடியோ கோலில் மாபிளையும் கேற்றையும் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்தக் கோலையே ஒருக்கா பின்னறையில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். அம்மம்மா பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க விறாந்தை வரைக்கும் நடக்கவேண்டி இருக்கிறதா இல்லையா என்று அப்போது தெரியும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு இலக்கம் போட்டு, சுவிட்ச் பக்கத்து முனையிலும் அதே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதி, மேலால் செலோரேப் சுற்றினால் எழுத்து அழியாது. அடுத்த முறை பெயின்ட் அடிக்க ஆட்கள் வரும்போது துளைகளுக்கு மேல் கடதாசி ரேப் ஒட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.